மூச்சை விட்டுட்டுச் சொல்லுங்க

எக்ஸ்ரே அறையில் பதினேழு வருஷம் வேலை பார்த்தால் வாய் தன்னால் சொல்லும்: "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." அந்த வேலையில் இருந்த, பஸ் டிரைவர் ஒருவனின் மனைவியை அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. கேமராவைத் தூக்கினாளோ இல்லையோ, எதிரே யார் நின்றாலும் அதே கட்டளைதான். அவள் எடுத்த படங்களில் ஜனங்களெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி, கன்னம் உப்பி, கண்ணை உருட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நின்றார்கள். காய்கறிக் கடைக்காரர் அப்படி, தங்கச்சி அப்படி. பஸ் ஓட்டும் கணவனைக் கேட்கவே வேண்டாம், அவனுக்குத் தொப்பையும் சேர்ந்து உள்ளே போய்விடும். வெளிச்சம் மட்டும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒரு வருஷமாக இந்தப் படங்களை இணையத்தில் ஒரு புகைப்படத் தளத்தில் போட்டு வந்தாள். தலைப்பும் ஆஸ்பத்திரிக் கவரில் எழுதுகிற மாதிரியேதான்: 'வீட்டுக்காரர், முன்பக்கம்.' 'தங்கச்சி, இடது பக்கவாட்டு.' இதைத் தேடிக்கொண்டு எவன் வருவான்? இருநூற்றுப் பதினோரு படங்களுக்கு ஒன்பது லைக். ஏழு தங்கச்சி போட்டது. மிச்சம் இரண்டும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரத்துக்காகப் போட்டது.

"தெரிஞ்சவங்க போடுறது சேர்த்தி இல்லைங்க," என்றாள் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே. "நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு படத்துக்கிட்ட நின்னு பாக்கணும். இன்னும் பத்து நாள்ல ஒரு வருஷம் முடியுது. அதுக்குள்ள யாரும் வரலேன்னா கேமராவத் தங்கச்சிகிட்ட குடுத்துடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தோளில் மாட்டும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று அவனுக்குத் தெரியும். அந்த முகத்துக்காக அவன் எதையும் செய்வான்.

செய்தான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிப்போ ஓய்வறையில் தன் கண்டக்டரிடம் புலம்பினான்.

"இவ்வளவுதானாண்ணே?" என்று கண்டக்டர் எழுந்தே விட்டான். "நம்ம பசங்க எதுக்கு இருக்கோம்?"

டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் என்று நாற்பத்து மூன்று பேர், ஒரே வைஃபையில், சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு அக்கவுண்ட் தொடங்கினார்கள். அரை மணி நேரத்தில் லைக் மழையாகக் கொட்டியது. டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் அவள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரே இடத்துலேருந்து போலி லைக் வாங்கியிருக்கேன்னு அக்கவுண்ட நிறுத்திட்டாங்க. நான் ஏமாத்துக்காரியாங்க? யார் எனக்கு இப்படிக் கெடுதல் பண்ணினாங்க?"

அவன் எதிர் நாற்காலியில் திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்தான். அவள் அவனையே பார்த்தாள்.

"ஏன் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? விடுங்க."

விட்டான். மூச்சோடு எல்லாமும் வந்துவிட்டது. "நான்தாம்மா. டிப்போ பசங்களோட சேர்ந்து... நாப்பத்தி மூணு பேரு. நீ கேமராவத் தூக்கிக் குடுத்துடுவியோன்னு பயமா இருந்துச்சு."

கோபம் வந்தது, அவள் முகத்திலேயே தெரிந்தது. பிறகு உதடு துடித்தது.

"சோத்துக் கையோடயா?"

"துடைச்சுக்கிட்டுத்தான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கேமராவை எடுத்தாள். பதினேழு வருஷத்தில் முதல் முறையாக, ஒரு கட்டளையும் போடாமல் அழுத்தினாள்.

அன்றே டிரைவர் தளத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். 'தப்பு செய்தது நான். பஸ் ஓட்டுகிறேன். என் மனைவிக்கு இது தெரியவே தெரியாது.' நான்காம் நாள் அக்கவுண்ட் திரும்பி வந்தது. லைக் பழையபடி ஒன்பது. அவள் அந்தப் படத்தைப் போட்டாள். தொப்பை சரிந்து, தோள் தளர்ந்து, ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழ, ஒரு மனுஷன். தலைப்பு: 'வீட்டுக்காரர், மூச்சு விட்ட பிறகு.'

அவள் கெடு வைத்த அந்த ஒரு வருஷத்தின் கடைசி நாள் ஒரு லைக் வந்திருந்தது. கீழே இரண்டு வரி: 'இவர் இப்போதுதான் எதையோ சொல்லி முடித்திருக்கிறார், இல்லையா? எதிரில் இருப்பவர் மன்னித்துவிட்டார் என்றும் தெரிகிறது.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க டிப்போ ஆளா?"

"சத்தியமா இல்ல."

"மூச்ச விட்டுட்டுச் சொல்லுங்க."

அவன் முழுக்க வெளியே விட்டான்.

"யாருன்னே தெரியாதும்மா."