படச்சுருள் வராத சாயங்காலம்

1
இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் தொலைக்காட்சி வந்த புதிதில் வேலை செய்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து புத்தகமாக்குகிறேன். அதில் ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்.

2
'கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஒரு தாரகை…' (இந்த வரியை அடித்தாயிற்று. இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கிறது. இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.)

திருவல்லிக்கேணி ஜமீலுன்னிசா அந்தக் காலத்து அறிவிப்பாளர். அவர் சொன்னது:

"லைவ் தம்பி. லேப்லேர்ந்து படச்சுருள் வரல. கேமரா பின்னாடி நின்னுக்கினு கையால 'நேரத்த இழு, இழு'ங்கறாங்க. நாளைய நிகழ்ச்சிய ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். அப்புறம் இன்னா செய்ய? 'என் புடவை உங்களுக்குச் சாம்பலா தெரியும், நெஜத்துல மாம்பழ மஞ்சள்'னேன்."

மயிலாப்பூர் நீரஜா அவருடைய தோழி, அவரும் அறிவிப்பாளர்தான். சொன்னது:

"நான்தான் ஒக்காந்துண்டிருந்தேன். கிளிப்பச்சைன்னு சொன்னேன்."

மற்றதெல்லாம் சொல்லுக்குச் சொல் ஒன்று.*

* நேரலைக்குப் பதிவு இல்லை. இருந்திருந்தாலும் கறுப்பு வெள்ளையில் எந்தப் புடவையும் சாட்சிக்கு வராது.

3
நீரஜாவைச் சந்தேகித்து ஒரு பத்தி எழுதினேன். அவர் கொடுத்த காபி நினைவுக்கு வந்ததும் கிழித்துவிட்டேன். பிறகு ஜமீலுன்னிசாவிடமே கேட்டேன்.

"அப்ப அவ வேலைக்கே சேரல. கேண்டீன்ல நான்தான் அவகிட்ட நூறு தடவ சொல்லிருப்பேன். இப்ப பெத்த பொண்ணு பேரே அவளுக்கு மறந்துபோவுது. அந்த சாயங்காலம் ஒண்ணுதான் நிக்குது. அவ பேர்லயே போட்டுடு."

"அப்ப நீங்க?"

"எனக்கு இன்னாப்பா, நெறைய கீது."

4
முடிவு அ: ஜமீலுன்னிசா பெயர். வெளியீட்டு விழாவில் நீரஜா அந்தப் பக்கத்தைத் திறந்து…

முடிவு ஆ: நீரஜா பெயர். அட்டையில் வரலாறு, உள்ளே தெரிந்தே ஒரு பொய்.

பயந்துகொண்டேதான் ஆ-வை அச்சகத்துக்கு அனுப்பினேன்.

5
இந்தக் கதையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது ஜமீலுன்னிசா போனில் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு சந்தேகம். படச்சுருள் வராத அன்னிக்கு ஒக்காந்திருந்தது நானா, நீரஜாவா? காலைலேர்ந்து யோசிக்கிறேன், பிடிபடல."

'நீங்கள்தான்' என்றால், புத்தகத்தில் ஏன் அவள் பெயர் என்று கேட்பார். தானே கொடுத்தது அவருக்கு நினைவிருக்குமா? 'நீரஜா' என்றால், அந்தச் சாயங்காலம் அவரைவிட்டு ஒரேயடியாகப் போய்விடும்.

"தம்பி, லைன்ல கீறியா?"

"இருக்கேம்மா."

அடுத்த வரி எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். அவர் காத்திருக்கிறார்.