பூட்டுக்குள் ஐம்பத்தெட்டுப் படங்கள்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று கம்பெனி கொடுத்தது. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் அதில்தான் கூப்பிடுவார்கள். இன்னொன்று ஏழு வருடப் பழசு. சிம் இல்லை. முதுகு உப்பி, மூடி நிற்காததால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருந்தது இந்த இரண்டாவதுதான்.

மகளுக்கு ஆறேழு வயதாக இருந்தபோது அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார். அவளுடைய அம்மா ஆபீஸ் முடிந்து வர ஆறு மணி ஆகும். அதுவரை மகள் ஏதாவது ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், காவலாளியின் நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து இந்தப் போனில் படம் வரைவாள். அதற்கென்று ஓர் ஆப் இருந்தது. விரலால் வரையும்போது பேசுவதையும் அது சேர்த்துப் பதிவு செய்யும். பிறகு போட்டால் வெள்ளைத் திரையில் கோடு கோடாகப் படம் எழும்பி வரும், கூடவே அவள் குரலும் வரும். அவர் மேலே ஏழாவது மாடியில் கிரீஸ் கையோடு நிற்பார். அவள் கீழே இருந்து அவருக்குத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். கோபம் வந்தால் கடித்துவிடும் பழக்கம் இருந்ததால் அவளுக்கு வீட்டில் கட்டெறும்பு என்று பெயர்.

அவளுக்கு எட்டு வயதானபோது அவரும் மனைவியும் பிரிந்தார்கள். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை, பேச்சு குறைந்து குறைந்து ஒருநாள் இல்லாமலே போயிற்று. மனைவிக்கு ரயிலில் ஒன்பது மணி நேர தூரத்தில் வேலை கிடைத்தது. மகளும் கூடப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். இப்போது கட்டெறும்புக்குப் பதின்மூன்று வயது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், பரீட்சை எப்படி, நன்றாக எழுதினேன் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வைக்கலாமா அப்பா என்று அவள் கேட்பதற்கு முன்பே வைக்கட்டுமா என்று கேட்டுவிட அவர் பழகியிருந்தார்.

அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம் என்று கணக்கு வைத்திருந்தார். மொத்தம் ஐம்பத்தெட்டு. கடைசிப் படம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஒருநாள் ஆப் திறக்கவில்லை. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார், வட்டம் சுற்றியது. மறுநாளும் சுற்றியது. அதை நடத்திய கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. படங்கள் போனுக்குள்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு ஆப்பும் தன் சாமானை வைத்துக்கொள்ளும் உள்ளறை ஒன்று உண்டு. அதற்குள் போனின் சொந்தக்காரரே நுழைய முடியாது.

இரண்டு கடைகளில் கையை விரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர், ரூட் பண்ணிவிட்டால் எல்லாம் வந்துவிடும், பத்து நிமிஷ வேலை என்று கையை நீட்டினார். கொடுக்கப் போனவர் நின்றுவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கினார்.

அதே வணிக வளாகத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடத்தில், செத்த போன்களைப் பிழைக்கவைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வளாகமே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். அவர் பையிலிருந்து போனை எடுத்ததும் முதலில் திட்டுத்தான் விழுந்தது.

"பேட்டரி இப்படி உப்பியிருக்கு. நெஞ்சுல வெடிகுண்ட வெச்சுக்கிட்டா சுத்துறீங்க அண்ணா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் போன் மூடியை நெம்பும் ஸ்பட்ஜரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ரூட் என்றால் போனின் தலைச்சாவி என்று விளக்கினாள். அது கையில் இருந்தால் கம்பெனி திணித்த வேண்டாத ஆப்களைத் தூக்கி எறியலாம், கைவிட்ட பழைய போனில் புதிய சாஃப்ட்வேர் ஏற்றலாம், ஒரு துளி விடாமல் பேக்கப் எடுக்கலாம், உள்ளறைக்குள்ளும் போகலாம். ஆனால் சாவி உங்களுக்குக் கிடைத்தால், ஏமாந்த நேரத்தில் உள்ளே வரும் கெட்ட ஆப்புக்கும் கிடைக்கும். பேங்க் ஆப்கள் இந்தப் போனை நம்ப மாட்டேன் என்று ஒதுங்கிவிடும். வேலை பாதியில் நின்றால் போன் எதற்கும் உதவாத செங்கல்தான்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சாவி விஷயம் சட்டென்று புரிந்தது. எந்த மாடிக் கதவையும் வெளியிலிருந்து திறக்கும் சாவி அவர் இடுப்பிலும் தொங்கியது. லிஃப்ட் அந்த மாடியில் நிற்கிறதா என்று பார்க்காமல் திறந்து கால் வைத்தவர்கள் கதை அவருக்குத் தெரியும்.

"அதெல்லாம் பரவால்லம்மா," என்றார். "எனக்கு படம் மட்டும் வந்தா போதும்."

"அங்கதான் சிக்கல். ரூட் பண்றதுக்கு முன்னாடி ஒரு பூட்டு இருக்கு, அத திறக்கணும். திறந்த உடனே போன் தன்னைத் தானே துடைச்சுக்கும். திருடன் கையில ஒண்ணும் சிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. மேல இருக்கற கடையில குடுத்திருந்தீங்கன்னா பத்தே நிமிஷத்துல உங்க பொண்ணு காலி."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள் என்று விசாரித்தாள். செய்யவே இல்லை, இடமில்லை இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது என்றார். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இந்த மாடலின் பழைய சாஃப்ட்வேரில் அடைபடாத ஓட்டை ஒன்று உண்டாம். அதன் வழியாகப் பூட்டைத் தொடாமலே உள்ளே போகலாம். போன் அணைந்து எழுந்தால் வழி மூடிவிடும். வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், போனே போகலாம்.

"அவசரமில்ல. வீட்ல யோசிச்சு சொல்லுங்க," என்றாள்.

வீட்டில் யோசிக்க அவரைத் தவிர யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது மகளிடமே கேட்டுவிட வேண்டும் என்றிருந்தார். அவள் தோழி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். வைக்கட்டுமா என்று கேட்டு வைத்தார். ஆப் ஐகானைத் தொட்டார். வட்டம் சுற்றியது. உள்ளே இருந்தும் கிடைக்காததை எத்தனை நாள் சுமப்பது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனார். டாக்டரம்மா முதலில் பேட்டரியை மாற்றினாள், பிறகு கேபிளை லேப்டாப்பில் செருகினாள். முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை போன் அணைந்து எழுந்தது. ஐந்தாவது முறை அவள் மெதுவாக, "உள்ள போயாச்சு," என்றாள்.

ஒவ்வொரு கோப்பாக வந்தது. அவர் விரல் விட்டு எண்ணினார். முப்பத்தேழு வந்திருந்தபோது திரை கறுத்தது. பிறகு கம்பெனிச் சின்னம் வந்தது, போயிற்று, வந்தது, போயிற்று. அவள் மாலை வரை என்னென்னவோ செய்து பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் போன் எழுந்திருக்கவில்லை.

வந்ததிலும் பாதிதான். குரல் தனியாகவும் கோடுகள் தனியாகவும் இருந்தன. கோடுகள் வெறும் எண்கள். அந்த ஆப்புக்கு மட்டுமே படிக்கத் தெரியும். மன்னிச்சுக்குங்க அண்ணா என்றாள் டாக்டரம்மா. அவள் ஒரு குரலைப் போட்டாள்.

"அப்பா, இது நம்ம லிஃப்ட்டு. இதுக்கு ரெக்கை போடறேன். இரு, இன்னொரு ரெக்கை..."

அவர் எழுந்து வளாகத்தின் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

அந்த ஒன்றை மட்டும் கம்பெனி போனிலிருந்து மகளுக்கு அனுப்பினார். கூடவே என்ன எழுதுவதென்று தெரியாமல் எதுவும் எழுதவில்லை. ஒரு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. பெரிய பெண்ணுக்குக் கூச்சமாக இருந்திருக்கும், அனுப்பியிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஒன்பதாவது மாடியில் லிஃப்ட்டின் தலைமேல் நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புதன்கிழமையில் அவள் கூப்பிட்டதே இல்லை. என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தார்.

"அப்பா, அந்த லிஃப்ட்டுக்கு எதுக்கு ரெக்கை? எனக்கு ஞாபகமே வரல."

"அம்மாவ ஆபீஸ் ஜன்னல்லயே வந்து ஏத்திக்கணும்னு சொன்னடா. அப்பதான் சீக்கிரம் வீட்டுக்கு வருவாங்கன்னு."

பிறகு இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். முப்பத்தாறு என்றார். இருபத்தொன்று வரவில்லை என்பதையும் சொன்னார்.

"அதுல என்னப்பா இருந்துச்சு?"

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னால் அழுதுவிடுவார் போலிருந்தது. "அப்புறம் சொல்றேன்," என்றார்.

"சரி. மொத்தமா அனுப்பாதப்பா. ஒவ்வொண்ணா அனுப்பு."

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவதை அனுப்பினார். அதில் அவள் காவலாளி மாமாவின் நாயை வரைந்துகொண்டே பேசியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. குரல் சொன்னதைக் கேட்டுக் கேட்டுக் காகிதத்தில் பென்சிலால் வரைந்திருந்தாள். அப்படித்தானே இருந்தது, தப்பு இருந்தால் சொல்லு என்று கீழே எழுதியிருந்தாள்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அழகான நாய். நிழலெல்லாம் கொடுத்து, காது மடிந்து, நான்கு கால்களும் அளவாக இருந்தன. முன்பு அவள் போட்ட நாய்க்கு ஐந்து கால்.

அப்படியேதான் இருக்கு என்று எழுதி அனுப்பினார்.