லோகநாதனை மேகத்தில் வைத்த கதை

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. எம்.கே.பி. நகரில் முடிவெட்டிக்கொள்ளக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் யாருக்கோ சொன்னதை ஒட்டுக்கேட்டேன். அவர் முடிவைச் சொல்வதற்குள் என் முறை வந்துவிட்டது.

வியாசர்பாடியின் வானம் அன்று துயரத்தால்

[வெட்டிவிட்டேன். வானத்துக்கு என்ன துயரம்? எனக்குத்தான் ஆரம்பம் வரவில்லை.]

2

வருஷம் 2005. பேனர் கடைக் கம்ப்யூட்டரில் பாரி. எதிரே கன்னியம்மா. அவள் மகள் மதிக்கு மஞ்சள் நீராட்டு. புருஷன் லோகநாதன் வேறொருத்தியோடு மாத்தூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பேனரில் அப்பா முகம் இல்லையென்றால் மணையில் உட்கார மாட்டேன் என்று மதி அடம்பிடிக்கிறாள்.

"அந்தாளு போட்டோவ போடு தம்பி. என் பக்கத்துல வெச்சே, மவனே, கீச்சிடுவேன்."

"பின்ன எப்டிக்கா?"

"கீறான்னு தெரியணும். கூட கீறான்னு தெரியக் கூடாது."

ஃபேடு செய்யலாம் என்றான் பாரி. (படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பின்னணியோடு சேர்ப்பது. ஒரு கடைக்காரர் எனக்கு மூன்று தடவை விளக்கிவிட்டு, "சார், நீ கதையே எழுது" என்றார்.) லோகநாதனின் தோளைக் கரைத்தான், காதைக் கரைத்தான். ஆள் அந்தரத்தில் நிற்கிறானே என்று பின்னால் வெள்ளை மேகம் வைத்தான். அழகாகத்தான் இருந்தது.*

* எங்கள் பக்கத்துப் பேனர்களில் மேகத்துக்குள் கரைந்து சிரிப்பவர், மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பாரிக்குக் கை பழகிப்போயிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னியம்மா கவனிக்கவில்லையா? எனக்கும் சந்தேகம்தான். அவளிடம் கேட்கத் தைரியமில்லை.

3

காலையில் பேனர் ஏறியது. அதைப் பார்த்த செல்வம், லோகநாதனின் பழைய தோஸ்து, சீர்த்தட்டை அப்படியே வைத்துவிட்டு மாலை வாங்க ஓடினான். சங்கதி மாத்தூர்வரை போனது. மத்தியானம், செத்தவன் பைக்கில் வந்து இறங்கினான்.

"இன்னாடி இது? குத்துக்கல்லாட்டம் கீறேன், மேகத்துல ஏத்திகீற?"

"அப்டியாவது வந்தியே," என்றாள் கன்னியம்மா.

வாங்கிய மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் செல்வம் அதை லோகநாதன் கழுத்திலேயே போட்டுவிட்டான்.

4

ஒரு முடிவு: லோகநாதன் பேனரைக் கிழிக்கிறான். (வேண்டாம், சண்டைக்காட்சி எனக்கு வராது.)

இன்னொரு முடிவு: கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கதறுகிறான். (எழுதிவிட்டு நானே சிரித்தேன்.)

நடந்தது இவ்வளவுதான். பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதி வாசலுக்கு வந்தாள். அப்பாவைத் தொடவில்லை.

"நைனா, சாப்ட்டுப் போய்டுவியா, இருப்பியா?"

லோகநாதன் வாயைத் திறக்கிறான். இந்த இடத்தில் நான் எழுதிப் பார்த்த பதில் எல்லாவற்றிலும் அவன் பொய்தான் சொல்கிறான். அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.