பின்னால் வந்த பத்து சென்ட்

அருமநாயகத்தின் பத்து சென்ட் நிலம் முதன்முதலாக இடம்பெயர்ந்தது 1972 மே மாதம் ஒரு சனிக்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு. அவர் காரை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போனார். நிலம் பின்னாலேயே போய், சந்தை கலைந்ததும் அவரோடு திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. அன்று மரச்சீனிக் கிழங்கு மலிவு, அயிலை மீன் கிராக்கி. நிலத்தோடு போய் வந்தவை ஒரு கிணறு, ஒரு பிலாமரம், பதினாறு மூடு மரச்சீனி, அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழி, கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சுகிர்தபாய். ஈரச்சேலையை முட்டுக்கு மேல் தூக்கிச் செருகிய கோலத்திலேயே அவள் அமரவிளைப் பாலத்தைக் கடந்தாள். எதிரே வந்த பஸ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்ததில் பஸ் சரிந்தது. அந்த வெட்கத்தை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அத்தனை அகலமான நிலம் அந்த இடுக்கு ரோட்டில் எப்படிப் போனது என்று கேட்பவர்கள் உண்டு. திருவிழா நெரிசலில் ஆள் ஒருக்களித்து நடப்பதைப் போல அது ஒடுங்கிப் போகும். அகலமான இடம் வந்தால் விரிந்துகொள்ளும். ஆனால் ஏன் போனது என்று செங்கல், பாறசாலை என்ற அந்த ஊர்களில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த காரியம். அந்தக் கார்தான் அவருடைய வீடு. அரசாங்கப் பதிவில் அப்படித்தான் இருந்தது.

வண்டி, அந்த நிலத்துக்கு அப்போது சொந்தக்காரர்களான பொன்விளாகத்து வீட்டு இளையவருடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன இங்கிலீஷ் பந்தயக் கார், துணிக்கூரை, பானட்டின் மேல் முழித்துக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்குகள். ஊர்க்காரர்கள் தவளை என்றார்கள். இளையவர் அதை மதறாசு வரை கொண்டுபோய் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டி, மிகுந்த சந்தோஷத்தோடு கடைசியாக வந்தவர். 1964-இல் காய்ச்சல் கண்டு அவர் இறந்தபிறகு, வண்டியைத் துடைத்து வைக்கும் வேலை அருமநாயகத்துக்கு வந்தது. வண்டிக் கொட்டகையை ஒட்டி ஒரு ஓலைக்குடில் கட்டிச் சுகிர்தபாயோடு அவர் குடியிருந்தார்.

பிறர் நிலத்தில் குடில் கட்டிக் கிடப்பவர்களுக்கெல்லாம் அதில் பத்து சென்ட் உண்டு என்று 1970-இல் சட்டம் வந்தது. குடிலே இல்லையென்றால் பத்து சென்டும் இல்லை என்று கணக்குப்போட்ட பொன்விளாகத்து மூத்தவர், அதிகாரி வருவதற்கு நான்கு நாள் முன்னால் குடிலையும் கொட்டகையையும் பிரித்துக் கொண்டுபோய்விட்டார். காரை மட்டும் விட்டுவிட்டார், அது ஓடாத வண்டி. புருஷனும் பெண்டாட்டியும் பானை, பாய், வேதப்புத்தகம் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துக்கொண்டு அதிலேயே உறங்கினார்கள். கொல்லம் பக்கத்திலிருந்து வந்த அந்த இளவயது அதிகாரி, அளவுச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்து, மலையாளத்தில் கேட்டார்.

“எவிடெயா உறக்கம்?”

“இதுக்குள்ளயாக்கும், ஏமானே.”

“ஏமான் வேண்டா. சார் மதி.” சார் என்றால் போதுமாம்.

அவர் கதவைத் திறந்து பார்த்தார். ஸ்டியரிங்கில் துவர்த்துத் துண்டு காய்ந்தது, பெடலுக்குப் பக்கத்தில் அரிசிப்பானை இருந்தது. நல்ல மனசுக்காரர். குடில் ஒன்று, சுவர் தகரம், கூரை துணி என்று எழுதி, காரை நடுவில் வைத்துச் சுற்றிலும் பத்து சென்ட் அளந்து கொடுத்தார். அடுத்த மாதம் பஞ்சாயத்து ஆள் வந்து பானட்டின் மேல் கறுப்புச் சாயத்தில் வீட்டு எண் எழுதினான். நிலம் குடிலுக்குக் கொடுக்கப்பட்டது, ஆகவே குடில் போகும் இடத்துக்கு நிலமும் போகும். சட்டம் தெரிந்தவர்கள் இதை நியாயம் என்றுதான் சொன்னார்கள். அருமநாயகம் இரண்டு வருஷம் முயன்று எஞ்சினை உயிர்ப்பித்தபிறகுதான் அது வெளியே தெரிந்தது.

சுகிர்தபாய்க்கு நிலம் நின்றபோதும் தலை சுற்றியது. அடுப்பில் வைத்த பானை தானாக நகர்ந்தது. “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று அவள் சொன்னாள். “கால் ஊணினா ஊணின எடத்தில நிய்க்கிய நெலம் வேணும். அதில ஒரு வீடு. அது கெட்டினீங்கன்னா எங்க இருந்தாலும் ஓடி வாறேன்.” மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த பழக்கத்தில் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. 1974 பிப்ரவரியில் போனாள். அழுதது அருமநாயகம்தான், அவள் அழவில்லை.

அவர் காரைக் கல் மேல் ஏற்றி வைத்து, வானம் தோண்டி, அஸ்திவாரம் போட்டார். பத்தே நாளில் கிணற்று வெள்ளம் கலங்கிச் சிவந்தது, மரச்சீனி மூட்டோடு அழுகியது, அஸ்திவாரம் குறுக்கே வெடித்தது. நிலத்துக்கு ஓட்டம் பழகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போனால்தான் அதற்குச் சீவன் தங்கியது. மூன்று தடவை போட்ட அஸ்திவாரமும் மூன்று தடவையும் வெடித்தபிறகு, கொத்தன் மோகனன் கரண்டியைக் கழுவிச் சஞ்சிப்பையில் போட்டுக்கொண்டு, “அண்ணே, இது வீடு கெட்டிய மண்ணில்ல, பஸ்சு” என்று சொல்லிவிட்டுப் போனான். காரை யாருக்காவது விற்கலாம். விற்றால் நிலமும் வாங்கியவனோடு போய்விடும்.

ஆகவே சனிக்கிழமைதோறும் அவர் புறப்பட்டார். அதியன்னூர், திருப்புறம், சில நாள் களியக்காவிளை வரைக்கும். புறப்பட்ட இடத்தில் இடுப்பளவு ஆழத்துக்குச் சிவந்த பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். பக்கத்து வீட்டுக் குட்டப்பனின் ஆடுகள் இரண்டு தடவை அதில் விழுந்தன. அதற்குப் பிறகு குட்டப்பன் பேச்சை நிறுத்திக்கொண்டான். ஆலயத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். வாரக்கணக்கில் அவர் வாயைத் திறப்பது தபால்காரனிடம் மட்டும்தான் என்றாயிற்று. வண்டி ஓட்டும்போது கண்ணாடியில் தெரியும் பிலாமரத்தைப் பார்த்து, “மெதுவாப் போறேன், வா மக்கா” என்பார். பக்கத்து சீட்டு வெறுமையாகவே இருந்தது. அதில் அவர் ஒரு சாமானும் வைத்ததில்லை. வீடு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டு நீலக் கடிதம் வரும். நடக்கிறது என்று பதில் எழுதுவார். ஒருவகையில் அது உண்மையும்கூட.

1977-இல் பாறசாலைக்கு மேற்கே ரயில் பாதைக்கு மண் அடித்துக் கரை எடுத்திருந்தார்கள். தண்டவாளம் வரவில்லை. இறுகிய செம்மண், வளைவில்லாமல் கால் மைல். துபாயிலிருந்து லீவில் வந்த ராபின்சன் புதுக்கார் வாங்கியிருந்தான். அதை ஓட்டிக்காட்ட அந்த ஊரில் நேரான ரோடு எங்கே இருக்கிறது? சனிக்கிழமை சாயங்காலம் அவனும் அவனைப்போல வந்தவர்களும் கரையில் இரண்டிரண்டு வண்டிகளாக நிறுத்தி, நின்ற நிலையிலிருந்து கால் மைல் ஓட்டி, ராபின்சனின் வெளிநாட்டு வாட்சில் வினாடி பார்த்தார்கள். திருப்பம் கிடையாது, பிரேக்குக்கு வேலை கிடையாது. புறப்படும் வேகம்தான் எல்லாம்.

இதைப் பார்த்துவிட்டு வந்த மெக்கானிக் யோவான்தான் யோசனை சொன்னது. தபால்காரனை விட்டால் பாறசாலையில் அருமநாயகத்தோடு முகம்பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவன்.

“நீங்க இதுவர மெதுவா எடுத்தீங்க, அதனால அதும் மெதுவாக் கூட வந்துச்சு. கயிறு கெட்டின பசுவ மெதுவா இழுத்தா பசு வரும். ஒரே வெட்டா வெட்டி இழுத்தா கயிறாக்கும் அறும்.”

“அறுந்தா?”

“அறுந்தா நெலம் நெலமாக் கெடக்கும். நீங்க வீடு கெட்டலாம். அக்கா வருவா.”

அருமநாயகம் அன்றைக்கே சம்மதித்தார். இரண்டு வாரம் வேலை நடந்தது. யோவான் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பிளக்கை மாற்றினான். பாரம் குறைக்க ஸ்டெப்னி டயரையும் பம்பரையும் எடுத்தான். மண்ணைக் கடித்துப் பிடிக்கட்டும் என்று பின் டயர்களில் காற்றைக் குறைத்தான். துணிக்கூரையைக் கழற்ற மட்டும் அருமநாயகம் விடவில்லை, பதிவில் கூரை உண்டு என்று இருக்கிறதே. பக்கத்து சீட்டையும் கழற்றக்கூடாது என்றார். அதற்குக் காரணம் சொல்லவில்லை, யோவானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கரையின் இரண்டு பக்கத்துச் சரிவிலும் ஆட்கள் நின்றார்கள். நிலம் கரைமேல் ஏறி, புறப்படும் கோட்டுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தது. ராபின்சன் தன் புதுக்காரில் இருந்தபடியே, “மாமா, என்னெ செயிச்சுப் போடாதீங்க” என்று சிரித்தான். அவனுக்கு அருமநாயகத்தின் பந்தயம் அவனோடு இல்லை என்று தெரியாது. யோவான் உயர்த்திப் பிடித்த கைலியைக் கீழே விட்டான். எஞ்சின் அலறும்வரை மிதித்துவைத்திருந்த அருமநாயகம் கிளச்சைப் படக்கென்று விட்டார். சக்கரம் இரண்டு சுற்று வெறுமே சுழன்று புழுதியை வாரி இறைத்தது. பிறகு புதுத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். வண்டி பாய்ந்தது.

பந்தயத்தில் அவர் தோற்றார். ராபின்சன் இருபத்தொரு வினாடி, அவர் இருபத்துநாலு. ஆனால் அந்த இருபத்துநாலு வினாடியில் வண்டி எத்தனை லேசாக இருந்தது என்பதை அவர் பிறகு யோவானிடம் சொல்ல முயன்று, சொல்ல முடியாமல் விட்டுவிட்டார். ஐந்து வருஷம் முதுகில் இருந்த கனம் இல்லை. முடிவுக் கோட்டில் நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. கால் மைல் தூரத்தில் நிலம் புறப்பட்ட இடத்திலேயே, ஆடாமல் அசையாமல் நின்றது. “நின்னாச்சு, சுகிர்தம்” என்று வெற்று சீட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் ஆயுளில் அதைவிட நல்ல நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

அறுக்க வேண்டும் என்று யோசித்தவர்கள், எங்கே வைத்து அறுக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. ரயில்கரை மேல் வீடு கட்ட முடியுமா? ஆட்கள் சோடா குடித்தபடி இதைப் பேசிக்கொண்டிருந்தபோது நிலம் தானாக அசைந்தது. யாரும் இழுக்கவில்லை. தென்மேற்குச் சரிவில் பக்குவமாக இறங்கி, வயல்களுக்கு நடுவே விலகி விலகி, திருப்புறம் வழியாகப் பூவாறுக்குப் போனது. அருமநாயகம் பின்னால் ஓட்டினார். அந்த ஒரு நாள் மட்டும் முன்னால் நிலம், பின்னால் கார். பூவாறு மணலில் கார் புதைந்து நின்றுவிட்டது. நிலம் நிற்கவில்லை. கடற்கரையில் இருந்தவர்கள் வலையை ஒதுக்கி வழிவிட்டார்கள். கடலில் இறங்கி மேற்கே போயிற்று. பிலாமரத்தின் உச்சி மறையும்வரை அவர் மணலில் நின்று பார்த்தார். தாகமெடுத்தது. கிணறும் அதோடு போய்விட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நாற்பத்தொன்றாம் நாள் மஸ்கட்டிலிருந்து நீலக் கடிதம் வந்தது. ஆயாமார் தங்கும் விடுதிக்குப் பின்னால் வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் வெள்ளிக்கிழமை காலையில் நம் நிலம் வந்து படுத்திருக்கிறது என்று சுகிர்தபாய் எழுதியிருந்தாள். கோழி சுகம், குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. கிணற்றில் வெள்ளம் தெளிவாக இருக்கிறது. யாரோ பெரிய இடத்துக்காரருடையது என்று நினைத்துக் காவல்காரன் ஒன்றும் கேட்கவில்லை. விடுதியில் காற்றில்லாததால் மரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்கிறாள். ஆயாமார் குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை, விசாரித்துப் பார்த்துவிட்டாள். வீட்டைப் பற்றி இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.

1979 கிறிஸ்துமசுக்கு முப்பது நாள் லீவில் வந்தாள். அருமநாயகம் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து அவளைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். பள்ளத்தில் மழைவெள்ளம் நிறைந்து குளமாகியிருந்தது. கரையில் காரை நிறுத்தி, பழையபடி அதிலேயே இருவரும் இருந்தார்கள். அவள் கொஞ்சம் சதைபோட்டிருந்தாள், நிதானமாகப் பேசினாள். இருபது நாள் அவர் கேட்காமல் வைத்திருந்ததை இருபத்தொன்றாம் நாள் காலையில் கேட்டார்.

“அங்க அது அசையுதா?”

“ஒரு நூல் அசையாது. கெடந்தா கெடந்த கெடையாக்கும். எனக்குத் தலசுத்தே இல்ல இப்போ.”

“அப்ப நீ சொன்னது போல நெலம் நின்னாச்சு. வாறேன்னு சொல்லியிருந்தியே.”

சுகிர்தபாய் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நின்னது அங்கயில்லியா. ஒத்தையில கெடக்கு. வெள்ளம் ஊத்த ஆளில்ல. நான் போண்டாமா?”

போக வேண்டும்தான், அது அவருக்குத் தெரிந்தது. அவள் நிம்மதியாக உறங்கக்கூடிய இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான், அதை அவளிடம் அனுப்பிவைத்தவரும் அவரேதான். முப்பதாம் நாள் அவளை விமானத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். வண்டி பறந்தது. அந்த லேசு அவருக்குப் பிடிக்கவில்லை. பாலராமபுரத்துக்கு இப்பால் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, ஒரு பாடு அழுதார்.

1981-இல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். குளக்கரையில் காரைக் கண்டதும் பானட்டில் எண்ணைச் சரிபார்த்து, கதவைத் தட்டினாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

“ரெண்டு பேரு.”

“மற்றே ஆளு எவிடெ?”

“நெலத்தில இருக்கா. மஸ்கட்டில.”

டீச்சர் தலையாட்டி எழுதிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் தோஹாவில் இருந்தார். அன்று அவள் ஏறி இறங்கிய நாற்பத்துமூன்று வீடுகளில் பத்தொன்பது வீடுகளில் இதே பதில்தான் கிடைத்திருந்தது, இடத்தின் பேர்தான் வேறு. அதனால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. குடையை விரித்து, அடுத்த வீட்டுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்டாள்.