அடுப்புக்கு அடியில் ஒரு பனை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சிக்கோட்டில் பஸ்ஸைத் தவறவிட்டதால் வந்த கதை இது. எதிரே தொழிற்சாலைச் சுவர், அதையொட்டி ஓர் ஓட்டு வீடு. எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்? நின்றபடியே தொடங்கினேன்:

'ஒரு காலத்தில் இங்கே பனைகள் வானத்தோடு பேசின. வளர்ச்சி வந்து அவற்றைக் கொன்று...'

(அடித்துவிட்டேன். காரணம் கீழே.)

2

தண்ணீர் கேட்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஜானகியம்மாள் சமையலறையில் உட்காரவைத்துக் காப்பியே கொடுத்தார். எழுதியதை வாசித்துக் காட்டினேன். பாராட்டுக்கு அலைகிற புத்தி.

"பனைய ஆரும் கொல்லலைங்க தம்பி. நாந்தான் வெட்டச் சொன்னேன். அண்ணாந்து பாருங்க."

கூரைச் சட்டமெல்லாம் பனை. தொழிற்சாலைக்கு வயல் போனதில் வருத்தமில்லையா என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். குனிந்து நாற்று நட்டவளுக்குத்தானே இடுப்புவலி தெரியும் என்று சிரித்தார். மகளுக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் வேலை. பின்னறையில் ஒடிசாக்காரர்கள் குடியிருக்கிறார்கள். என் சோகத்தை இறக்கிவைக்க அங்கே இடமே இல்லை.

பிறகு அடுப்பைக் காட்டிக் குரலைத் தணித்தார். "எல்லைப் பனையோட அடிக்கட்டை இதுக்கடியிலதானுங்க இருக்குது. ஆருகிட்டயும் சொல்லீறாதீங்க."

3

ஏனென்றால் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். பழைய பத்திரத்தில் அவர் நிலத்தின் எல்லை 'ஒற்றைப் பனை'. பனைக்கு ரோட்டுப்பக்கம் உள்ளதெல்லாம் ரோட்டுக்கே. பனை அடுப்படியில் நின்றதென்றால் பாதிச் சமையலறை போய்விடும்.

(அடிக்குறிப்பு: மரத்தை எல்லையாக எழுதிவைத்துவிட்டு அந்த மரத்தையே வெட்டி, அது நின்ற இடத்திலேயே வீடும் கட்டிக்கொள்வது எங்கள் ஆட்களுக்கே வரும். சிரிக்காதீர்கள்.)

கதைக்கு முடிவு ஒன்று: பனை வேலியோரம் நின்றதாக அம்மாள் பொய் சொல்கிறார். சமையலறை பிழைக்கிறது.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். சுவர் இடிகிறது, அழுகிறார். எனக்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். (அவர் காப்பியைக் குடித்துக்கொண்டே இதை யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் சர்வேயர் ஜோமோன் வந்துவிட்டார்.

4

அம்மாள் வேலியோரம் கைநீட்டினார். ஜோமோன் நம்பவில்லை. நோட்டும் பேனாவுமாக நின்ற என்னை விவரமானவன் என்று நினைத்து, பனை எங்கே நின்றது என்று கேட்டார். ஜானகியம்மாள் என்னைப் பார்க்கவேயில்லை. பால் பொங்கிவிடும் என்று உள்ளே போய்விட்டார்.

நல்லவேளை, என் பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். கோழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அடுப்பு விஷயம் இப்போது உங்களுக்கும் தெரியும். ஜோமோன் எல்லைக்கல்லைத் தூக்கிக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறார். கல் நல்ல கனம். சீக்கிரம் சொல்லுங்கள்.