பொழுதோடு ஊதும் சங்கு

தர்மதாஸ் எழுந்தான். பல் துலக்கினான். பானையின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிக் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டினான். துணியை அலசிக் கொடியில் போட்டான். உலை வைத்து அரிசி களைந்து போட்டான். வெந்த சோறு இரண்டு பேருக்குக் காணும். பாதியைச் சாப்பிட்டு, மீதியைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்தான். மனைவி குணமாலா போய் ஒரு வருஷம் ஆகிறது. அளவைக் குறைக்க அவனுக்குக் கை வரவில்லை.

மத்தியானம் சைக்கிளை எடுத்தான். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வயல்வழியே போனால் நூல் மில். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தின் ஓரத்தில், பஞ்சை நம்பிப் பிழைத்த சிறு உலகம் அது. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் புருவமெல்லாம் பஞ்சு ஒட்டி, ஒரே நாளில் கிழவர்களானவர்கள்போல இருப்பார்கள். தர்மதாஸ் பி.எஸ்ஸி. படித்தவன். டைம் ஆபீசில் இரண்டாம் ஷிப்டுக்குக் குமாஸ்தா.

அந்த ஷிப்டின் சாப்பாட்டுச் சங்கு முன்பெல்லாம் இரவு ஏழு மணிக்கு ஊதும். சமணர் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. கல்யாணமான புதிதில், புருஷன் பட்டினியோடு வேலை பார்ப்பதைக் கண்ட குணமாலா நேராக மில் கேட்டுக்கே வந்துவிட்டாள். சங்கு ஊதுகிற கலியனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, பொழுதோட ஊதக் கூடாதா?"

"உன் ஊட்டுக்காரர் ஒருத்தருக்காவாம்மா?"

"அவர் கெடக்கிறாரு. கேரியர் எடுத்துக்கினு வர்ற பொம்பளைங்க எல்லாம் இருட்டுல வயக்காட்டு வழியா திரும்பறாங்களே, அவங்களுக்காவ."

அன்றிருந்த மேனேஜர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். தலையாட்டிவிட்டார். அதுமுதல் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் வெயில் தங்கியிருக்கும்போதே கலியன் சங்கை ஊதினார். கோடையில் கொஞ்சம் தள்ளி, மார்கழியில் கொஞ்சம் முந்தி. வெயில்தான் கணக்கு.

குணமாலாவின் காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, தர்மதாஸ் கலியனிடம் சொன்னான்: "இனிமே ஏழு மணிக்கே ஊதிடுங்கண்ணே."

"சரி சார்" என்றார் கலியன். மறுநாளும் வெயில் இருக்கும்போதே ஊதினார். அதற்கடுத்த நாளும். சங்கு கேட்டதும் எல்லோரும் கேட்டை நோக்கிப் போவார்கள். தர்மதாஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பான்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. அன்று சாயங்காலம் புது மேனேஜர் ராஜவேலு அவனைக் கூப்பிட்டார்.

"சூரியனைப் பாத்தா மில் ஓட்டறது? செவுத்துல கடியாரம் எதுக்கு மாட்டி வச்சிருக்கு? நாளையிலேருந்து சங்கு ஏழு மணிக்கு. உத்தரவு எழுதிக் கொண்டாங்க."

"பொம்பளைங்க இருட்டுல திரும்பணும் சார்."

"உங்களுக்காக வச்ச ஏற்பாடுன்னு சொல்றாங்க. நீங்கதான் சாப்பிடறதே இல்லையே. உங்களுக்கே வேணாம்னா, அப்புறம் யாருக்காக?"

தர்மதாஸ் காகிதத்தை எடுத்தான். உத்தரவை எழுதினான். கையெழுத்துக்கு அவர் மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தான். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதிற்று. ஜன்னலைச் சாத்தப் போனவன், வெளியே பார்த்தான். கேட்டண்டை வேப்பமரத்தடியில் பெண்கள் கேரியர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குணமாலா கேரியரோடு வந்து உட்காரும் வேர்ப்பக்கம் காலியாக இருந்தது. இத்தனை நெரிசலிலும் அங்கே யாரும் உட்காரவில்லை.

இறங்கிப் போனான்.

"அடடே, சாருக்கு இப்பதான் கேட்டுக்கு வழி தெரிஞ்சுதா!" என்றாள் இந்திராணி. அவள் பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண். மில்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். "எங்கப்பா ஊட்ல பட்டா நெய்றாங்க. நான் இந்தாளைக் கட்டிக்கினு தெனம் தலையில பஞ்சு பொறுக்கினு இருக்கேன்."

"பொறுக்கினதை வித்தா ஒரு மெத்தை ஆவும்" என்றான் அவள் புருஷன்.

"நீ சோத்தை முழுங்கு." ஒரு கிண்ணத்தைத் தர்மதாஸ் பக்கம் நகர்த்தினாள். "எலுமிச்சஞ்சோறு சார். வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல. உங்க ஊட்டம்மா சொல்லிக்குடுத்த பக்குவம். தெனம் ஒரு கிண்ணம் கூடத்தான் எடுத்துக்கினு வரேன். தெனம் இந்தாளுதான் துண்றாரு. பாருங்க, தொப்பையை."

தர்மதாஸ் வேர்ப்பக்கம் உட்கார்ந்தான். தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்தான். உச்சியில் வெயில் இருந்தது. ஒரு கவளம் எடுத்தான். மெள்ள மென்றான். தண்ணீர் குடித்தான். அடுத்த கவளம் எடுத்தான்.

ராஜவேலு வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கையிலிருந்த உத்தரவுக் காகிதத்தை நான்காகக் கிழித்தார்.

"கலியா! இப்படியே ஊது!" என்று அங்கிருந்தே கத்திவிட்டு உள்ளே போனார்.

கலியன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

"ஒரு வருசமா ஏன் சார் வரல? எம்மேல கோவமா?"

"உங்க மேல என்ன கோவம்ணே. இந்தச் சங்கு டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்கும். அவ அங்க கெடந்த கடைசி நாளும் கேட்டுது. அவ ஒண்ணு சொன்னா. சரின்னு சாப்பிடப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

இந்திராணி கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"என்ன சார் சொல்லிச்சு?" என்று கேட்டார் கலியன்.

தர்மதாஸ் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"கலியண்ணன் ஊதிட்டாருங்க. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சாப்புட்டுட்டு வாங்க."