ஒரே எடையில் மூச்சு

அந்தப் பேக்கரியில் தராசு ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு வேலை இல்லை. மாஸ்டர் கையே தராசு. பிசைந்த மாவைக் கிள்ளிப் போட்டால் நானூறு கிராம் நிற்கும். கூடிவிட்டதென்று தோன்றினால் துளி பிய்ப்பார், குறைந்தால் துளி ஒட்டுவார். இப்படிப் பத்தொன்பது வருஷம் பிய்த்தும் ஒட்டியும் ஓட்டிய மனிதருக்கு, ஆறு மாதமாக நெஞ்சுக்குள் ஒரு விசில் குடியேறியிருந்தது. படுத்தால் இருமல், மூட்டை தூக்கினால் இளைப்பு. "சளிதான்" என்று சமாளித்துக்கொண்டிருந்தவரை மனைவிதான் கையோடு கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் ஆஸ்துமா என்றார். மாவுத் தூசு ஒத்துக்கொள்ளாமல் வந்திருக்கலாம், அப்படியானால் தொழிலை மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அடுப்பை விட்டால் மாஸ்டருக்கு வேறு என்ன தெரியும்? சொந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஆள்.

அடுத்த அறையில் ஒரு நர்ஸ். வருகிற எல்லோரையும் ஊத வைப்பதால் அவருக்கு 'ஊது சிஸ்டர்' என்றே பேர். ஊதினால் முள் நகர்கிற ஒரு பிளாஸ்டிக் குழாயையும் ஒரு நோட்டையும் மாஸ்டர் கையில் கொடுத்தார்.

"தினம் நாலு வேளை. வேளைக்கு மூணு தடவை ஊதுங்க, அதுல பெரிய நம்பரை எழுதுங்க. ரெண்டு வாரம் வேலைக்குப் போய்க்கிட்டு, அப்புறம் ஒரு வாரம் லீவுல."

மூன்று வாரம் கழித்து நோட்டைப் பிரித்த சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நானூறு, நானூறு, நானூறு. பக்கத்துக்குப் பக்கம் நானூறு.

"மூச்சையும் கிள்ளிக் கிள்ளி எடை போட்டீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் அசடு வழிந்தார். "ஒரு வேளை நானூத்தி நாப்பது வந்துச்சு, ஒரு வேளை முந்நூறு. கூடினதுல எடுத்துக் குறைஞ்சதுல போட்டுட்டேன் சிஸ்டர். ஏறியும் இறங்கியும் கிடந்தா பார்க்க நல்லாவா இருக்கு?" கொஞ்சம் நிறுத்தி, "வேலை போயிடுமோன்னு பயமும்தான்" என்றார்.

வேறொருவராக இருந்தால் நோட்டை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார். சிஸ்டர் நிதானமாகச் சொன்னார்: "நல்ல நெஞ்சுகூட காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு காட்டும். எப்ப இறங்குதுன்னு தெரிஞ்சாத்தானே எது ஒத்துக்கலைன்னு பிடிக்க முடியும்?"

அந்த வாரம் தன் விடுமுறை நாளில் சிஸ்டர் பேக்கரிக்கே வந்து நின்றார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மாஸ்டரை ஊதச் சொன்னார். மாவு சலித்த பிறகு நானூற்று இருபது. பிசைந்த பிறகும் அதேதான். பிறகு மாஸ்டர் பன்னுக்கான மாவில், மெத்தென்று வருவதற்காக, ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைத் தூளை அள்ளித் தூவினார். அரை மணி நேரத்தில் முந்நூறு. சிஸ்டர் டப்பாவைத் திருப்பி, ஒட்டியிருந்த தாளை எழுத்து விடாமல் படித்துக் குறித்துக்கொண்டார்.

கிளினிக்கில் மாஸ்டரின் முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்துக் குத்திப் பார்த்தார்கள். கோதுமை வைத்த இடம் சும்மா கிடந்தது. தூளில் இருந்த சரக்கை வைத்த இடம் கொசு கடித்ததுபோலத் தடித்தது. பத்தொன்பது வருஷம் தன் கையால் அள்ளியவருக்குத் தோன்றாதது, ஒரு காலை நின்று பார்த்தவருக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டருக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"தூள் பேக்கரிக்குள்ளயே வரக் கூடாது. இன்ஹேலர் காலையும் சாயந்திரமும், நல்லா இருந்தாலும் விடக் கூடாது, இழுத்ததும் வாய் கொப்பளிக்கணும். மூணு மாசம் எழுதுங்க. நம்பர் இறங்காம நின்னா வேலை உங்களுது. தூள் இல்லாமலும் இறங்கினா, மாவும் சேரலைன்னு அர்த்தம். அடுப்பை விட்டுத்தான் ஆகணும்" என்றார் சிஸ்டர்.

தூளை நிறுத்தச் சொன்னதற்குப் பேக்கரி முதலாளி முணுமுணுத்தார். மாஸ்டர் மாவைக் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஊற வைத்தார், பன் தூள் இல்லாமலே மெத்தென்று வந்தது. விசில் ஓய்ந்தது. இரண்டரை மாதம் நம்பர் கீழே இறங்கவே இல்லை.

கடைசி வாரத்தில் ஒரு நாள் முந்நூற்றுப் பத்து. மறுநாள் இருநூற்றுத் தொண்ணூறு. மாஸ்டர் சமையலறை மேஜையில் நோட்டை விரித்துவைத்துப் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, எழுதாம என்ன யோசனை?" என்றாள் மனைவி.

நானூற்றுப் பத்து என்று போட்டால் போதும், அடுப்பு அவருடையது. ஆனால் தன் லீவு நாளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மாவுத் தூசில் நின்ற மனுஷிக்குப் பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. இருநூற்றுத் தொண்ணூறு என்றே எழுதினார்.

கிளினிக்கில் நோட்டை நீட்டிவிட்டு, "சொல்லிடுங்க சிஸ்டர், விட்டுடறேன்" என்றார்.

சிஸ்டர் நிமிரவில்லை. "இந்த ரெண்டு நாள் மட்டும் என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் இல்லையே. ஆர்டர் பெருசு. நான் போறதுக்குள்ள முதலாளியே மாவைக் கலந்து வச்சிருந்தார்." சொல்லும்போதே மாஸ்டருக்கு உறைத்தது.

சிஸ்டர் அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டார். மாவில் என்ன போட்டார் என்று கேட்டார். "ஊற வைக்க நேரம் இல்லைம்மா. ரெண்டே கரண்டிதான் போட்டேன்" என்று மறுமுனையிலிருந்து வந்தது.

சிஸ்டர் போனை வைத்தார். "இந்த ரெண்டு நம்பரையும் நீங்க சரிக்கட்டியிருந்தா தூள் திரும்பி வந்ததே தெரிஞ்சிருக்காது. உடம்பு கெட்டுக்கிட்டே போயிருக்கும், கடைசியில நானே உங்களை வேலையை விடச் சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலை மாஸ்டர் பேக்கரி வாசலோடு நின்றுவிட்டார். முதலாளியிடம் குரல் உயர்த்திப் பழக்கமில்லாதவர், அன்றும் உயர்த்தவில்லை.

"அது வெளிய போனாத்தான் நான் உள்ள வருவேன்" என்றார்.

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். அடுப்பையும் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்த டப்பாவை இறுக மூடி, தானே தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்த பிறகுதான் மாஸ்டர் படியேறி உள்ளே போனார்.